பழைய பிரிண்டர் மோட்டாரில் சைக்கிள் டைனமோ: வீட்டிலேயே செய்யும் முழு வழிகாட்டி

வடசென்னையில் ராத்திரி சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கு ஒரு விஷயத்தைச் சொல்லவே தேவையில்லை. எண்ணூர் நெடுஞ்சாலையிலும் மணலி பக்கமும் கன்டெய்னர் லாரிகள் விடிய விடிய ஓடுகின்றன, காசிமேட்டுக்கு மீன் எடுக்கப் போகிறவர்கள் மூன்று மணி, நான்கு மணிக்கே கிளம்பிவிடுகிறார்கள், அவர்களில் பாதிப் பேரின் சைக்கிளில் லைட் கிடையாது. சார்ஜ் செய்யும் லைட் வாங்கியவர்கள்கூட அதைச் சார்ஜ் போட மறந்த நாளில் இருட்டில்தான் போகிறார்கள். காலால் மிதித்தால் எரிகிற விளக்குக்கு அந்தப் பிரச்சனை இல்லை. அதனால்தான் பழைய டைனமோ மேல் எனக்கு அவ்வளவு மரியாதை. ஆனால் இப்போது நல்ல பாட்டில் டைனமோ கிடைப்பது கஷ்டம், கிடைத்தாலும் அதன் 6 வோல்ட் 3 வாட் கணக்கு குண்டு பல்புக்காகப் போட்டது. எல்இடி வந்த பிறகு நாமே அதைவிட நன்றாக ஒன்றைச் செய்துகொள்ளலாம், காயலான் கடைச் சாமானில்.

இதற்கு நான் சொல்லப்போகும் பொருள் ஸ்டெப்பர் மோட்டார். சாதாரண பொம்மை மோட்டாரையும் சுற்றினால் மின்சாரம் வரும்தான், ஆனால் உருப்படியாக நாலு வோல்ட் வர அதைப் பேய் வேகத்தில் சுற்ற வேண்டும், உள்ளே இருக்கும் கார்பன் பிரஷ் வேறு சீக்கிரம் தேய்ந்துவிடும். ஸ்டெப்பரில் பிரஷ்ஷே இல்லை. நடுவில் காந்தம், சுற்றிலும் காயில் (கம்பிச் சுருள்), அவ்வளவுதான். மெதுவாகக் கையால் திருகினாலே ஒரு எல்இடி மின்னும் அளவுக்கு வோல்டேஜ் தரும்.

மோட்டாரைத் தேடிப் பிடிப்பது

பழைய டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர், ஸ்கேனர், ஜெராக்ஸ் மெஷின், இவற்றில் ஸ்டெப்பர் இருக்கும். சமீபத்திய இங்க்ஜெட் பிரிண்டர்களில் பெரும்பாலும் சாதாரண டிசி மோட்டார்தான் வருகிறது, அதைக் கழற்றி நேரத்தை வீணாக்க வேண்டாம். வண்ணாரப்பேட்டை, வியாசர்பாடி, கொருக்குப்பேட்டைப் பக்கம் எந்தக் காயலான் கடையில் கேட்டாலும் உடைந்த பிரிண்டர் ஒன்றாவது மூலையில் கிடக்கும், எடை போட்டுத்தான் தருவார்கள். புதிதாகவே வாங்கலாம் என்றால் ரிச்சி தெருவில் 'நெமா 17' என்று கேளுங்கள், அது ஸ்டெப்பர் மோட்டாரின் ஒரு அளவுப் பெயர். 42 மில்லிமீட்டர் சதுர முகம், 5 மில்லிமீட்டர் தண்டு, முகத்தில் 31 மில்லிமீட்டர் இடைவெளியில் நான்கு எம்3 ஓட்டை. அளவு எல்லாம் ஒரே மாதிரி இருப்பதால் மாட்டுவது சுலபம்.

சின்னதாக வட்டமாக, நீலப் பிளாஸ்டிக் மூடியும் ஐந்து வயரும் வைத்த ஒன்று மலிவாகக் கிடைக்கும், அதை வாங்காதீர்கள். உள்ளே நுண்ணிய பல்சக்கரம் இருக்கிறது, சைக்கிள் வேகத்தில் உடைந்துவிடும்.

நெமா 17-லேயே பல வகை உண்டு, இங்கேதான் கவனம் வேண்டும். நமக்கு வேண்டியது லேபிளில் 12 வோல்ட், 0.4 ஆம்பியர் என்று போட்டிருப்பது. லேபிள் கிழிந்துபோயிருந்தால் மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்து காயிலை அளந்து பாருங்கள், 25-இலிருந்து 40 ஓம் வரை காட்டினால் எடுத்துக்கொள்ளலாம். 3டி பிரிண்டரில் போடும் வகை 1 முதல் 3 ஓம்தான் காட்டும். அது ஒரு ஆம்பியருக்கு மேலேயே தள்ளக்கூடியது, நாம் போடப்போகும் 1 வாட் எல்இடியை அது எரித்துவிடும். முதல் முறை செய்கிறவர்கள் அதைத் தொடாமல் இருப்பது நல்லது.

ஏன் 0.4 ஆம்பியர் என்று இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், இந்த வேலையின் அழகே அதில்தான் இருக்கிறது. பழைய டைனமோவில் சரிவில் வேகமாக இறங்கினால் பல்பு ஃபியூஸ் ஆகிவிடுமோ என்று பயம் வரும். ஸ்டெப்பரில் தண்டு ஒரு சுற்று சுற்றினால் ஒவ்வொரு காயிலிலும் மின்சாரம் 50 முறை முன்னும் பின்னும் போய்வருகிறது. 28 இஞ்ச் பெரிய சைக்கிளின் சக்கரம் ஒரு சுற்றுக்குச் சுமார் 2.2 மீட்டர் போகும். மணிக்கு 15 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு 4.2 மீட்டர். டயரில் உரசும் உருளை 50 மில்லிமீட்டர் விட்டம் என்றால் அதன் சுற்றளவு 157 மில்லிமீட்டர், ஆக உருளை நொடிக்கு 26 சுற்றுக்கு மேல் சுற்றும், மின்சாரத்தின் அதிர்வெண் 1300 ஹெர்ட்ஸைத் தாண்டும். வேகம் கூடக்கூட வோல்டேஜ் ஏறுகிறது, ஆனால் அதிர்வெண்ணும் கூடுவதால் காயிலின் இண்டக்டன்ஸ் (கரண்ட் மாறுவதை எதிர்க்கும் குணம்) தரும் தடையும் அதே கணக்கில் ஏறுகிறது. ஒன்றை ஒன்று சமன் செய்துவிடுவதால் கரண்ட் ஓரளவுக்கு மேல் ஏறுவதே இல்லை. 0.4 ஆம்பியர் மோட்டாரில் இரண்டு காயிலையும் சேர்த்தால் சுமார் 300 மில்லிஆம்பியர் பக்கத்தில் வந்து நின்றுவிடும். 1 வாட் எல்இடிக்கு வேண்டியது 350-க்குள். எல்இடிக்குப் போகும் கரண்ட்டைக் கட்டுப்படுத்தும் டிரைவர் சர்க்யூட் தனியாகத் தேவையே இல்லை, மோட்டாரே டிரைவர்.

வயரைப் பிரித்துக் கண்டுபிடிப்பது

நான்கு வயர் இருந்தால் இரண்டு காயில். மல்டிமீட்டர் இல்லாவிட்டாலும் கண்டுபிடிக்கலாம்: ஏதாவது இரண்டு வயரின் முனையை ஒன்றாக முறுக்கித் தண்டைத் திருகிப் பாருங்கள், சட்டென்று இறுகினால் அந்த இரண்டும் ஒரே காயில். வித்தியாசம் தெரியாவிட்டால் வேறு ஜோடி. ஆறு வயர் இருந்தால் ஒவ்வொரு காயிலுக்கும் நடுவில் ஒரு வயர் கூடுதலாக எடுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். மீட்டரில் அதிக ஓம் காட்டும் இரண்டு முனைகளை எடுத்துக்கொண்டு, பாதி ஓம் காட்டும் நடு வயரை டேப் சுற்றி விட்டுவிடுங்கள்.

உருளை

டயரின் பக்கவாட்டில் உரசப்போகும் உருளையைத்தான் நிறையப் பேர் அலட்சியமாகச் செய்கிறார்கள், அப்புறம் மழையில் வழுக்குகிறது என்று மொத்தத்தையும் தூக்கிப் போடுகிறார்கள். லேத் பட்டறைக்கு நம் பக்கம் பஞ்சமில்லை. 45 மில்லிமீட்டர் அலுமினிய ராடில் 20 மில்லிமீட்டர் நீளத்துக்கு ஒரு துண்டு வெட்டி, நடுவில் சரியாக 5 மில்லிமீட்டர் ஓட்டை போட்டு, பக்கவாட்டில் எம்4 கிரப் ஸ்க்ரூவுக்கு (உருளையைத் தண்டோடு பிடிக்கும் தலையில்லாத் திருகு) மரை போட்டுத் தரச் சொல்லுங்கள். ஓட்டை நடுவில் இல்லாவிட்டால் உருளை தள்ளாடும், மோட்டாரின் பேரிங் போய்விடும், அதனால் டிரில்லில் கைக்கணக்காகப் போடாமல் லேத்திலேயே போடச் சொல்வது முக்கியம். வெளிப்புறம் சொரசொரப்பாக நர்லிங் போடச் சொல்லி, அதன் மேல் பழைய டியூபில் வெட்டிய ரப்பர் வளையத்தைப் பஞ்சர் சொல்யூஷன் போட்டு இறுக்கமாக ஏற்றுங்கள். மொத்த விட்டம் 50 பக்கம் வந்துவிடும். ஒன்றிரண்டு மில்லிமீட்டர் கூடக்குறைய இருந்தால் பரவாயில்லை.

ரப்பர் இல்லாமல் வெறும் நர்லிங் அலுமினியத்தை வைத்தால் மழையில் இன்னும் நன்றாகப் பிடிக்கும், ஆனால் டயரின் பக்கத்தை அரித்துவிடும். எமரி தாள் ஒட்டுவதும் அப்படித்தான். நம் ஊரில் மழை இரண்டு மூன்று மாதம், வெயில் மீதி வருஷம் முழுக்க. நான் ரப்பர் பக்கம்தான்.

பிரிண்டரிலிருந்து எடுத்த மோட்டாரின் தண்டில் பித்தளைப் பல்சக்கரம் இறுகிப் பதிந்திருக்கும். சுத்தியலால் தட்டி எடுக்கப் பார்த்தால் உள்ளே காந்தம் கெட்டுவிடும். அதை அப்படியே விட்டு, அதன் அளவுக்கு உருளையில் ஓட்டை போட்டு எபாக்ஸி பசையில் ஒட்டிவிடலாம்.

சைக்கிளில் மாட்டுவது

பின் சக்கரத்தில், இடது பக்கம் மாட்டுங்கள். செயின் வலது பக்கம் இருக்கிறது. முன் சக்கரத்தில் மாட்டவே வேண்டாம் என்று நான் உறுதியாகச் சொல்வேன்: கிளாம்ப் தளர்ந்து மோட்டார் ஸ்போக்ஸுக்குள் போனால் பின் சக்கரம் என்றால் வண்டி நின்றுவிடும், முன் சக்கரம் என்றால் ஆளையே ஹேண்டில் மேலாகத் தூக்கிப் போடும். இன்னொரு வசதி, பெரிய சைக்கிளை ஸ்டாண்ட் போட்டால் பின் சக்கரம் தரையில் படாது, கையால் பெடலைச் சுற்றியே எல்லாச் சோதனையும் செய்துகொள்ளலாம்.

சீட்டுக்குக் கீழிருந்து பின் அச்சுக்கு இறங்கும் இரண்டு குழாய்களில் இடதுபுறக் குழாய்க்குப் பின்னால் மோட்டார் உட்கார வேண்டும். 3 மில்லிமீட்டர் தடிமன் அலுமினியத் தகட்டில் நடுவே 22 மில்லிமீட்டர் ஓட்டையும் சுற்றி நான்கு எம்3 ஓட்டையும் போட்டு மோட்டாரை முடுக்குங்கள். இந்தத் தகட்டை ஒரு நல்ல இரும்புக் கீலின் ஒரு இதழில் போல்ட் போடுங்கள், மற்ற இதழை இன்னொரு தகட்டோடு சேர்த்து, அந்தத் தகட்டை இரண்டு ஹோஸ் கிளிப்பால் குழாயில் இறுக்குங்கள். குழாய்க்கும் கிளிப்புக்கும் நடுவில் டியூப் ரப்பர் வைத்தால் வழுக்காது, பெயின்டும் போகாது. ஒரு கிளிப் மட்டும் போட்டால் அது குழாயைச் சுற்றித் திரும்பும். இரண்டு கட்டாயம். அதற்கு மேலும் பாதுகாப்பாக, மோட்டாரிலிருந்து கேரியருக்கு ஒரு கம்பியைத் தளர்வாகக் கட்டிவிடுங்கள், எது கழன்றாலும் ஸ்போக்ஸுக்குப் போகாது.

உருளை வெளிப்பக்கம், மோட்டார் உடம்பு சக்கரத்தின் நடுவை நோக்கி. இப்போது ஒரு நூலை எடுத்துப் பின் அச்சின் நட்டில் கட்டி, உருளையின் மையம் வரை இழுத்துப் பாருங்கள். பக்கத்திலிருந்து பார்க்கும்போது மோட்டாரின் தண்டு அந்த நூலின் மேலேயே படுத்திருக்க வேண்டும். கொஞ்சம் சாய்ந்திருந்தாலும் உருளை உருளாமல் டயரைத் தேய்த்துக்கொண்டே போகும், சத்தம் வரும், மிதிக்கவும் கனக்கும், டயர் தேய்ந்து அதன் உள்நூல் வெளியே தெரிந்துவிடும். பழைய பாட்டில் டைனமோ மாட்டும்போது அனுபவமுள்ள மெக்கானிக்குகள் கண்ணாலேயே பார்த்து இதைச் சரிசெய்வார்கள்.

உருளையை டயரோடு அழுத்த ஸ்பிரிங் தேட வேண்டியதில்லை, டியூப் ரப்பர் பட்டை போதும். ரொம்ப இறுக்காதீர்கள். அந்த மோட்டாரின் பேரிங் பக்கவாட்டில் மூன்று கிலோ எடைக்கு மேல் தாங்கச் செய்யப்பட்டதல்ல. வறண்ட டயரில் விரலால் உருளையைத் திருகினால் வழுக்காமல் நிற்க வேண்டும், அந்த அளவு போதும். பகலில் தேவையில்லாதபோது உருளையை இழுத்துக் கேரியரில் மாட்ட ஒரு கொக்கி வைத்துக்கொள்ளுங்கள். அதுதான் ஸ்விட்ச். வயரின் நடுவே ஸ்விட்ச் போட்டு அணைக்கும் யோசனை வேண்டாம், லோடு இல்லாமல், அதாவது விளக்கு இணைப்பு இல்லாமல், ஓடும் ஸ்டெப்பர் 50 வோல்ட்டுக்கு மேல் போகும்.

சர்க்யூட்

வாங்க வேண்டியவை: 1என்4007 டயோடு ஒன்பது, 1000 மைக்ரோஃபாரட் 25 வோல்ட் கெப்பாசிட்டர் ஒன்று, 12 வோல்ட் 5 வாட் ஸீனர் (1என்5349; வோல்டேஜ் ஒரு அளவுக்கு மேல் ஏறாமல் பிடிக்கும் டயோடு), 5.1 வோல்ட் 1 வாட் ஸீனர் (1என்4733ஏ), 47 ஓம் 1 வாட் ரெசிஸ்டர், 330 ஓமும் 220 ஓமும் சாதாரண ரெசிஸ்டர் ஒவ்வொன்று, 5.5 வோல்ட் 1 ஃபாரட் சூப்பர் கெப்பாசிட்டர், 1 வாட் வெள்ளை எல்இடி இரண்டு, நல்ல வெளிச்சம் தரும் 5 மில்லிமீட்டர் சிவப்பு எல்இடி இரண்டு. ஷாட்கி டயோடு போட்டால் வோல்டேஜ் இழப்பு குறையும் என்று கடையில் சொல்வார்கள், உண்மைதான், ஆனால் சாதாரணமாகக் கிடைக்கும் 1என்5819 தாங்குவது 40 வோல்ட்தான். இங்கே 4007-தான் நிம்மதி.

முதல் காயிலின் இரண்டு வயரும் நான்கு டயோடு கொண்ட ஒரு பிரிட்ஜுக்கு (முன்னும் பின்னும் போகும் மின்சாரத்தை ஒரே திசையில் திருப்பும் இணைப்பு) போகட்டும், இரண்டாவது காயில் இன்னொரு பிரிட்ஜுக்கு. இரண்டு காயிலையும் நேரடியாகச் சேர்க்கக் கூடாது, இரண்டின் அலையும் ஒரே நேரத்தில் வருவதில்லை. பிரிட்ஜைத் தாண்டிய பிறகு பிளஸ்ஸைப் பிளஸ்ஸோடும் மைனஸை மைனஸோடும் சேர்த்துவிடுங்கள். அந்தப் பிளஸ் மைனஸுக்கு நடுவே கெப்பாசிட்டர், அதே இடத்தில் 12 வோல்ட் ஸீனர், அதன் கோடு போட்ட பக்கம் பிளஸ்ஸில். முன் விளக்கின் வயர் எங்காவது அறுந்துபோனால் இந்த ஸீனர்தான் மற்றதையெல்லாம் காப்பாற்றும். முன் விளக்கின் இரண்டு வெள்ளை எல்இடியும் தொடராக, ஒன்றன் பின் ஒன்றாக, அதே பிளஸ் மைனஸில். ரெசிஸ்டர் வேண்டாம். எரியும்போது அங்கே ஆறு, ஆறரை வோல்ட் நிற்கும்.

இனி பின் விளக்கு. என்னைக் கேட்டால் முன் விளக்கைவிட இதற்குத்தான் அதிக அக்கறை காட்ட வேண்டும். தெருவிளக்கு இருக்கும் சாலையில் குழியை நாம் ஓரளவு பார்த்துவிடுவோம், பின்னால் வரும் லாரிக்காரர் நம்மைப் பார்க்க வேண்டுமே. டைனமோவின் பெரிய குறை, நின்றால் அணைந்துவிடும். மூலக்கடை சிக்னலில் காத்திருக்கும் நேரத்தில்தான் பின்னால் கனரக வண்டிகள் வந்து சேர்கின்றன, அந்த நேரத்தில் சிவப்பு விளக்கு எரியாமல் இருக்கக் கூடாது. அதற்காகத்தான் மின்சாரத்தைச் சேர்த்து வைத்திருக்கும் சூப்பர் கெப்பாசிட்டர்.

ஒரு சிவப்பு எல்இடியை 330 ஓம் வழியாக நேராகப் பிளஸ் மைனஸில் கொடுங்கள், சக்கரம் சுற்ற ஆரம்பித்ததும் இது எரிந்துவிடும். இரண்டாவதற்குத் தனி வழி: பிளஸ்ஸிலிருந்து ஒன்பதாவது டயோடு, அடுத்து 47 ஓம், அடுத்து சூப்பர் கெப்பாசிட்டரின் பிளஸ். அதன் மைனஸ் பொது மைனஸில். 5.1 வோல்ட் ஸீனரை சூப்பர் கெப்பாசிட்டருக்குக் குறுக்கே போடுங்கள், இல்லாவிட்டால் 5.5-ஐத் தாண்டி அது கெட்டுவிடும். அந்தச் சூப்பர் கெப்பாசிட்டரின் பிளஸ்ஸிலிருந்து 220 ஓம் வழியாக இரண்டாவது சிவப்பு எல்இடி. காலி நிலையிலிருந்து கிளம்பினால் இது எரிய அரை நிமிடம் போல ஆகும், முன் விளக்கும் முதல் ஒன்றிரண்டு நிமிடம் சற்று மங்கலாக இருக்கும், அதற்குத்தான் முதல் எல்இடியை நேராகக் கொடுத்தது. சில நிமிடம் ஓட்டிய பிறகு நிறுத்தினால் இரண்டாவது சிவப்பு மெல்ல மெல்ல மங்கிக்கொண்டே நான்கைந்து நிமிடம் எரியும். எந்தச் சிக்னலுக்கும் அது போதும்.

விளக்குகள், வயர், உப்புக்காற்று

வெள்ளை எல்இடி இரண்டையும் ஒரு உள்ளங்கை அகல அலுமினியத் துண்டில் ஹீட் சிங்க் பேஸ்ட் தடவி ஒட்டி, மேலே 30 டிகிரி லென்ஸ் வைத்து, பிவிசி குழாயின் மூடிக்குள் பொருத்தி, அலுமினியத்தின் பின்பக்கம் காற்றுப் படும்படி விடுங்கள். சக்கரம் சுற்றினால்தான் கரண்ட், சுற்றும்போது காற்றும் அடிக்கும், அதனால் சூடு பெரிய பிரச்சனை ஆகாது. விளிம்பெல்லாம் சிலிகான் பசை.

விளக்கைத் திருப்பும் கோணத்துக்கு ஒரு எளிய வழி: சைக்கிளை ஸ்டாண்ட் போட்டு, விளக்கு சுவரிலிருந்து 5 மீட்டர் தள்ளி இருக்கும்படி நிறுத்தி, ஒருவர் பெடலைச் சுற்றட்டும். ஒளியின் மையம் சுவரில், விளக்கு இருக்கும் உயரத்தில் சரிபாதியில் விழ வேண்டும். அப்படியென்றால் சாலையில் 10 மீட்டர் தூரத்தில் விழும், எதிரே வருகிறவர் கண்ணிலும் அடிக்காது.

பழைய டைனமோ சைக்கிளில் ஒரே ஒரு வயர்தான் இருக்கும், திரும்பும் வழி சைக்கிளின் இரும்பே. கடலிலிருந்து ஒன்றிரண்டு கிலோமீட்டரில் இருக்கும் நமக்கு அது சரிப்படாது. தண்டையார்பேட்டை, ராயபுரம், திருவொற்றியூர் பக்கம் உப்புக்காற்றில் போல்ட்டுக்கும் குழாய்க்கும் நடுவே துரு ஏறித் தொடர்பு விட்டுப்போகும். எல்லாவற்றுக்கும் இரண்டு கோர் வயரே ஓட்டுங்கள், ஒவ்வொரு இணைப்பையும் சால்டர் செய்து ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போடுங்கள், முறுக்கி டேப் சுற்றுவது ஒரு மழைக்குத் தாங்காது. ஹேண்டில் பக்கம் திரும்பும்போது இழுபடாமல் இருக்க ஒரு வளைவு விட்டுக் கட்டுங்கள். சர்க்யூட் போர்டைச் சின்னப் பிளாஸ்டிக் டப்பாவில் வைத்து, சீட்டுக்குக் கீழே, வயர் நுழையும் ஓட்டை தரையைப் பார்க்கும்படி மாட்டுங்கள்.

மோட்டாரின் நடு உடம்பு வெறும் இரும்புத் தகடுகள், பெயின்ட் அடிக்காவிட்டால் ஒரே மழைக்காலத்தில் செம்பழுப்பாகிவிடும். தண்டு இருக்கும் முகத்தை மறைத்து, மீதிக்கு இரண்டு கோட் எனாமல் பெயின்ட் அடியுங்கள். தண்டைச் சுற்றிக் கொஞ்சம் கெட்டியான கிரீஸ், அதற்கு மேல் லாரி டியூபில் வெட்டிய ஒரு உறை.

ஓட்டிப் பார்க்கும் முன்

ஸ்டாண்ட் போட்டு, மல்டிமீட்டரை 10 ஆம்பியர் ரேஞ்சில் முன் விளக்கோடு தொடராக இணைத்து, பெடலை முதலில் மெதுவாகவும் பிறகு முழு வேகத்திலும் சுற்றிப் பாருங்கள். நடக்கும் வேகத்திலேயே எல்இடி நன்றாக எரிய வேண்டும். வேகமாகச் சுற்றும்போது 350 மில்லிஆம்பியரைத் தாண்டினால் ஒரு காயிலின் பிரிட்ஜைக் கழற்றிவிட்டு ஒரே காயிலில் ஓட்டுங்கள், அதுவே போதுமான வெளிச்சம் தரும். மிகக் குறைவாக, நூறுக்குக் கீழே இருந்தால் ஏதோ ஒரு பிரிட்ஜில் டயோடு தலைகீழாக இருக்கிறது, அல்லது உருளை வழுக்குகிறது. சக்கரம் சுற்றும்போது வெறும் வயர் முனைகளைக் கையால் பிடிக்காதீர்கள், சுருக்கென்று அடிக்கும்.

மிதிக்கும்போது கொஞ்சம் கனம் தெரியும், அது இயல்பு. விளக்குக்குப் போவது 2 வாட் சொச்சம், காயில் சூட்டிலும் ரப்பர் உரசலிலும் கிட்டத்தட்ட அதே அளவு போகும். சமதளத்தில் சில நிமிடத்தில் பழகிவிடும், பேசின் பிரிட்ஜ் மேம்பாலத்தில் சுமையோடு ஏறும்போது தெரியும். அதற்கு மேல் கனத்தால் உருளையின் அழுத்தத்தையும் நூல் வைத்துப் பார்த்த நேர்க்கோட்டையும் மறுபடி சரிபாருங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் டயர் பக்கம் சேறு ஏறினால் உருளை வழுக்கும். ஸ்டெப்பர் குறைந்த வேகத்திலேயே முழுக் கரண்ட்டுக்குப் பக்கத்தில் தந்துவிடுவதால் பாதி வழுக்கினாலும் விளக்கு அணையாது, ஆனால் ரப்பர் தேயும். வீட்டுக்கு வந்ததும் டயர் பக்கத்தையும் உருளையையும் ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். கணேசபுரம் சுரங்கப்பாதை மாதிரி தண்ணீர் நிற்கும் இடத்தில் அச்சுக்கு மேல் தண்ணீர் வந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள், மோட்டாருக்குள் சேற்றுத் தண்ணீர் புகுந்தால் பேரிங் ஒரே வாரத்தில் கரகரக்கும். அப்படிப் புகுந்துவிட்டால் முகத்திலுள்ள நான்கு திருகையும் எடுத்து மோட்டாரை முழுதாகத் தகட்டிலிருந்து கழற்றி வெயிலில் காயவையுங்கள், உடம்பை இரண்டாகப் பிரிக்க வேண்டாம், உள்ளிருக்கும் காந்தத்தை வெளியே எடுத்தாலே அதன் பலம் குறைந்துவிடும். மாதம் ஒருமுறை ஹோஸ் கிளிப்பையும் கிரப் ஸ்க்ரூவையும் ஒரு சுற்று முடுக்கிப் பாருங்கள், நம் சாலைக் குலுக்கலில் அவை தளரத்தான் செய்யும்.